கிளம்ப மறுக்கும் செல்கள்... பெருங்குடல் புற்றுநோய் எங்கே தொடங்குகிறது?

அமெரிக்காவின் யூட்டா மாநிலம். 1940-களின் பிற்பகுதி. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் எல்டன் கார்ட்னர் என்ற பேராசிரியர் மரபியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். புற்றுநோய் பரம்பரையாக வருமா என்ற பேச்சு வந்தது. அப்போது ஒரு மாணவர், தனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். அந்தக் குடும்பத்தில் அடுத்தடுத்து பலர் குடல் புற்றுநோயால் இறந்திருக்கிறார்கள்.

வேறொருவராக இருந்தால் ‘பாவம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார். கார்ட்னர் போகவில்லை. அந்தக் குடும்பத்தைத் தேடிப்போனார். யார் யாருக்குப் பிறந்தவர், யார் எதனால் இறந்தார், இப்போது இருப்பவர்களின் குடலில் என்ன இருக்கிறது என்று ஒரு வம்ச மரத்தையே வரைந்தார். 1951-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

அந்த மரத்தில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. நோய் தலைமுறையைத் தாண்டிக் குதிக்கவில்லை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால், பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தது. ஆண், பெண் வித்தியாசமில்லை. நோய் வந்தவர்களின் பெருங்குடலில் சின்னச் சின்ன முளைகள், ‘பாலிப்’ எனப்படுபவை, ஏராளமாக இருந்தன. இதன் பொருள், குடும்பத்தில் ஏதோ ஒன்று கைமாறிக்கொண்டே வருகிறது என்பதுதான்.

அது என்ன என்று தெரிய இன்னும் 40 ஆண்டுகள் ஆயின. தெரிந்தபோது, பதில் அந்த ஒரு குடும்பத்துக்கு மட்டுமானதாக இல்லை. உலகில் பெருங்குடல் புற்றுநோய் வருகிற பெரும்பாலானோரின் கதையும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது.

லண்டனில் ஒரு பதிவேடு

யூட்டாவுக்கு முன்பே, லண்டனிலுள்ள செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை இப்படிப்பட்ட குடும்பங்களைக் கவனிக்கத் தொடங்கியிருந்தது. அங்கு அறுவை சிகிச்சை நிபுணராக இருந்த லாக்ஹார்ட்-மம்மரி, 1925-ல் இத்தகைய மூன்று குடும்பங்களைப் பற்றி எழுதினார். அதே மருத்துவமனையின் நோய்க்கூறு நிபுணர் கத்பர்ட் டியூக்ஸும், அவருடைய உதவியாளர் பஸ்ஸியும் குடும்பம் குடும்பமாகப் பெயர்களைச் சேர்த்துப் பதிவேட்டை வளர்த்தார்கள். இந்த நோய்க்கான உலகின் மிகப் பழைய பதிவேடு அதுதான்.

இந்த நோய்க்கு இன்று மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் எஃப்.ஏ.பி. ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பதின்ம வயதிலேயே பெருங்குடலின் உட்சுவரில் பாலிப்புகள் முளைக்கத் தொடங்கும். நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சாதுவானதுதான். ஆனால், அத்தனையில் ஒன்றாவது ஒருநாள் புற்றுநோயாக மாறும். சிகிச்சை இல்லாவிட்டால், சராசரியாக 40 வயதை ஒட்டிப் புற்றுநோய் வந்துவிடும். கிட்டத்தட்ட யாரும் தப்புவதில்லை.

இது ஏன் நடக்கிறது? அதைப் புரிந்துகொள்ள, குடலின் உட்சுவர் எப்படி வாழ்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஐந்து நாள் பயணம்

நம் பெருங்குடலின் உட்சுவரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வழவழப்பாக இருக்காது. விரலால் குத்திய மாவுபோல லட்சக்கணக்கான நுண்ணிய குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியின் அடியிலும் சில ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. ஓயாமல் இரண்டிரண்டாகப் பிரிந்து புதுச் செல்களை உருவாக்குவதுதான் அவற்றின் வேலை.

புதிதாகப் பிறந்த செல் அங்கேயே தங்குவதில்லை. குழியின் சுவரில் மெல்ல மேலே ஏறுகிறது. ஏற ஏற முதிர்கிறது. தண்ணீரை உறிஞ்சும் செல்லாகவோ, வழவழப்பான சளியைச் சுரக்கும் செல்லாகவோ ஒரு வேலையைக் கற்றுக்கொள்கிறது. குழியின் வாய்க்கு வந்ததும் உதிர்ந்துவிடுகிறது. பிறந்து, ஏறி, உழைத்து, உதிர்வதற்கு ஆகும் காலம் நான்கைந்து நாள்தான்.

இப்படி அடிக்கடி மாறுவதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. உணவு, கழிவு, பாக்டீரியா என்று எல்லாவற்றின் உரசலும் படுகிற இடம் அது. அடிபட்ட செல் சில நாளில் தானாகவே வெளியேறிவிடும். அதனால் கெட்டுப்போன ஒரு செல், கேடு விளைவிக்கும் முன்பே கிளம்பிவிடுகிறது.

ஆனால் ஒரு செல் கிளம்ப மறுத்தால்?

ஏ.பி.சி என்ன செய்கிறது?

குழியின் அடியில் ‘பிரிந்து பெருகு’ என்ற கட்டளை பலமாக ஒலிக்கிறது. ‘வின்ட்’ எனப்படும் சமிக்ஞைதான் அந்தக் கட்டளை. செல்லுக்குள் அதைக் கொண்டுசெல்கிற தூதுவன் பீட்டா-கேட்டனின் என்ற புரதம். அது செல்லின் மையக்கருவுக்குள் போய், பெருகுவதற்கான மரபணுக்களை இயக்கிவிடும்.

செல் மேலே ஏற ஏறக் கட்டளை மங்குகிறது. அப்போது தூதுவனை அப்புறப்படுத்த வேண்டும். அதற்கென்றே சில புரதங்கள் சேர்ந்து ஒரு குழுவாக இயங்குகின்றன. பீட்டா-கேட்டனினைப் பிடிப்பது, அதன்மேல் ‘அழி’ என்று முத்திரை குத்துவது, குப்பைக்கு அனுப்புவது இந்தக் குழுவின் வேலை. அந்தக் குழுவைத் தாங்கி நிற்கும் தூண்தான் ஏ.பி.சி என்ற புரதம். அதை உருவாக்கும் மரபணுவின் பெயரும் ஏ.பி.சி.

ஏ.பி.சி இல்லையென்றால் குழு நிலைகுலைகிறது. பீட்டா-கேட்டனின் குவிகிறது. அது மையக்கருவுக்குள் போய் ‘பெருகு, பெருகு’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. வெளியே கட்டளை நின்று வெகுநேரமாகியிருக்கும். ஆனால் அந்தச் செல்லுக்கு மட்டும் அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. தான் இன்னும் குழியின் அடியிலேயே இருப்பதாக அது நினைத்துக்கொள்கிறது. முதிர்வதில்லை, வேலை கற்பதில்லை, உதிர்வதுமில்லை. அங்கேயே தங்கிப் பெருகுகிறது.

பாலிப் என்பது இதுதான். வளர்ந்து கிளம்ப வேண்டிய செல்கள், கிளம்பாமல் கூடிநிற்கும் கூட்டம்.

ஏ.பி.சி போன்றவற்றைக் ‘கட்டி அடக்கும் மரபணுக்கள்’ என்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், பிரேக். புற்றுநோய் என்றதும் உடலுக்குள் ஏதோ ஒரு கெட்ட பொருள் வந்து சேர்ந்துவிட்டதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். இங்கே நடப்பது தலைகீழ். எதுவும் வந்து சேரவில்லை. இருக்க வேண்டிய ஒன்று தொலைந்துபோயிருக்கிறது.

சைக்கிளுக்கு இரண்டு பிரேக்

நல்லவேளையாக, நம் ஒவ்வொரு செல்லிலும் ஏ.பி.சி மரபணு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. சைக்கிளில் முன்பிரேக், பின்பிரேக் இருப்பதுபோல. ஒன்று பழுதானாலும் இன்னொன்று சமாளிக்கும். இரண்டும் போனால்தான் ஆபத்து.

இந்தக் கருத்தை முதலில் சொன்னவர் ஆல்ஃப்ரெட் நட்ஸன் என்ற அமெரிக்க மருத்துவர். குழந்தைகளின் கண்ணில் வரும் ஒருவகைப் புற்றுநோயை அவர் ஆராய்ந்தார். 48 குழந்தைகளின் விவரங்களை வைத்துக்கொண்டு 1971-ல் ஒரு கணக்குப் போட்டார். பரம்பரையாக இந்நோய் வரும் குழந்தைகளுக்குச் சீக்கிரமாக, பல இடங்களில் கட்டி வருகிறது. மற்ற குழந்தைகளுக்குத் தாமதமாக, ஒரே ஒரு கட்டி வருகிறது. ஏன்? முதல் வகைக் குழந்தைகள் ஒரு பிரேக் அறுந்த நிலையிலேயே பிறக்கிறார்கள். இன்னொன்று அறுந்தால் போதும். மற்றவர்களுக்கு ஒரே செல்லில் இரண்டும் அடுத்தடுத்து அறுபட வேண்டும். அது அபூர்வம்.

குடலுக்கும் இதே கணக்குதான். எஃப்.ஏ.பி குடும்பத்தில் பிறந்தவருக்கு, உடலின் எல்லாச் செல்களிலும் ஒரு பிரேக் பிறவியிலேயே இல்லை. குடலின் லட்சக்கணக்கான குழிகளில் எங்கெல்லாம் இரண்டாவதும் போகிறதோ, அங்கெல்லாம் ஒரு பாலிப். அதனால்தான் நூற்றுக்கணக்கில் முளைக்கின்றன. மற்றவர்களுக்கு இரண்டு விபத்துகளும் ஒரே செல்லில் நடக்க வேண்டும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொலைந்ததைத் தேடி...

பிரேக் தொலைகிறது என்பது புரிந்தது. அது 23 ஜோடி குரோமோசோம்களில் எங்கே இருக்கிறது?

முதல் துப்பு நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் கிடைத்தது. குடல் முழுக்க பாலிப்புகளோடு, பிறவியிலேயே வேறு பல குறைபாடுகளும் இருந்த ஒருவரை மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். அவருடைய ஐந்தாவது குரோமோசோமில் ஒரு துண்டையே காணவில்லை. 1986-ல் லெமுவெல் ஹெரேரா குழு இதை வெளியிட்டது. அடுத்த ஆண்டே லண்டனில் வால்ட்டர் பாட்மரின் குழு, எஃப்.ஏ.பி குடும்பங்களின் ரத்த மாதிரிகளை ஆராய்ந்து, மரபணு இருப்பது அதே ஐந்தாவது குரோமோசோமில்தான் என்று உறுதி செய்தது. செயின்ட் மார்க்ஸ் பல்லாண்டுகளாகப் பாதுகாத்துவந்த பதிவேட்டுக் குடும்பங்கள் அப்போது கைகொடுத்தன.

1991 ஆகஸ்ட்டில் மரபணுவே பிடிபட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பெர்ட் வோகல்ஸ்டைன், கென்னத் கின்ஸ்லர், ஜப்பானில் யூசுகே நாகமுரா, யூட்டாவில் ரே வொயிட் ஆகியோரின் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஏ.பி.சியை அறிவித்தன. கார்ட்னர் வம்ச மரம் வரைந்த அதே யூட்டாவில், அந்த மரத்தில் இறங்கி வந்தது எது என்பதற்கும் விடை கிடைத்தது.

ஏ.பி.சி பெரிய புரதம். 2,843 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. நோய் உள்ளவர்களில் பெரும்பாலும் இந்தச் சங்கிலி பாதியில் அறுந்துவிடுகிறது. பல நாடுகளில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குடும்பங்களில் அடிக்கடி காணப்படும் ஒரு மாற்றத்தில், மரபணுவின் ஆயிரக்கணக்கான எழுத்துகளில் காணாமல் போனவை 5 எழுத்துகள் மட்டுமே. அதற்குள் ‘இங்கே நிறுத்து’ என்ற பொருள் வந்துவிடுகிறது. மீதிப் புரதம் உருவாவதே இல்லை.

பிறகு குடும்ப வரலாறு ஏதும் இல்லாத, சாதாரணப் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளையும் ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய 80 சதவிகிதக் கட்டிகளில் இதே ஏ.பி.சி பழுதாகியிருந்தது. எஃப்.ஏ.பி என்பது மொத்தப் பெருங்குடல் புற்றுநோய்களில் ஒரு சதவிகிதம்கூட இல்லை. ஆனால் அந்தக் குடும்பங்கள் காட்டிக்கொடுத்த மரபணு, மற்ற எல்லோருக்கும் பொதுவான வாசலாக இருந்தது.

எலி சொன்ன பாடம்

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டவ்வின் ஆய்வகத்தில் சில எலிகள் ரத்தசோகையால் வெளிறிப்போயின. ஆராய்ச்சி மாணவி எமி மோசர் அவற்றை ஆராய்ந்தபோது குடல் முழுக்கக் கட்டிகள். 1990-ல் இதை வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்த எலிகளிலும் பழுதானது ஏ.பி.சிதான் என்று தெரிந்தது. அப்போதிருந்து அந்த எலிகளின் பரம்பரை உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்கிறது.

இதையெல்லாம்விட யோசிக்க வைத்த பரிசோதனை 2015-ல் வந்தது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் ஆய்வகத்தில் ஸ்காட் லோவும் லூகஸ் டோவும் வேறு மாதிரி ஒரு எலியை உருவாக்கினார்கள். அதற்கு ஒரு மருந்தைக் கொடுத்தால் ஏ.பி.சி அடங்கும். மருந்தை நிறுத்தினால் ஏ.பி.சி திரும்பும். ஸ்விட்ச் போட்டு அணைப்பதுபோல.

மருந்து கொடுத்தார்கள். கட்டி வந்தது. சில எலிகளில் வேறு இரண்டு முக்கிய மரபணுக்களையும் கெடுத்து, கட்டியை முழுப் புற்றுநோயாகவே வளரவிட்டார்கள். பிறகு மருந்தை நிறுத்தினார்கள்.

சில நாள்களிலேயே கட்டி வளர்வது நின்றது. இரண்டு வாரங்களில் மறைந்துபோனது. செல்கள் கொல்லப்படவில்லை என்பதுதான் இதில் ஆச்சரியம். பிரேக் திரும்பியதும் அவை முதிரத் தொடங்கின. வேலை கற்றன. மேலே ஏறி, எல்லாச் செல்களையும்போல உதிர்ந்தன. ஆறு மாதம் கவனித்தும் கட்டி திரும்பவில்லை.

அப்படியானால் மனிதர்களுக்கும் ஏ.பி.சியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே? எலியில் அந்த மரபணு தொலையவில்லை, மூடி வைக்கப்பட்டிருந்தது. மனிதக் கட்டியில் அது உடைந்தே போயிருக்கிறது. அதற்குப் பதிலாக, குவிந்துகிடக்கும் பீட்டா-கேட்டனினை மருந்தால் அடக்கப் பார்த்தால் இன்னொரு சிக்கல். நல்ல குடலின் ஸ்டெம் செல்களும் அதே கட்டளையை நம்பித்தான் உயிர்வாழ்கின்றன. கட்டியை அடக்கும் மருந்து குடலையும் சேர்த்தே அடக்கிவிடும். இந்த இடத்தில்தான் ஆராய்ச்சி இன்றும் போராடிக்கொண்டிருக்கிறது.

அவகாசம் இருக்கிறது!

மருந்து இன்னும் வரவில்லை என்றாலும், இந்தக் கதையில் ஓர் ஆறுதல் இருக்கிறது. ஏ.பி.சி தொலைந்த அன்றே புற்றுநோய் வந்துவிடுவதில்லை.

1990-ல் எரிக் ஃபியரனும் வோகல்ஸ்டைனும் இதைப் படிப்படியாக விளக்கினார்கள். இன்றைய புரிதலில் அது இப்படிப் போகிறது: முதலில் ஏ.பி.சி போய், சின்ன பாலிப் முளைக்கிறது. பிறகு கேராஸ் என்ற மரபணு மாறி, பாலிப் பெரிதாகிறது. பிறகு பி-53 போன்ற வேறு காவலர்களும் விழுந்து, கட்டி சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. ஒவ்வொரு படிக்கும் ஆண்டுகள் ஆகின்றன. பெரிய பாலிப் ஒன்று முற்றிய புற்றுநோயாக மாற சராசரியாக 17 ஆண்டுகள் ஆகலாம் என்று, கட்டிகளின் மரபணு மாற்றங்களை எண்ணிப்பார்த்து 2008-ல் வோகல்ஸ்டைனின் சகாக்கள் கணக்கிட்டார்கள். அங்கிருந்து மற்ற உறுப்புகளுக்குப் பரவ இரண்டு ஆண்டுகூட ஆகாது என்றும் அதே கணக்கு சொன்னது.

முதல் பாதி ஆமை வேகம். கடைசிப் பகுதி குதிரை வேகம். ஆமையாக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும்.

பிடிக்கும் வழி புதிதல்ல. கொலோனோஸ்கோப்பி கருவி உள்ளே போகும்போதே பாலிப்பைப் பார்க்கலாம், அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். பாலிப்புகளை அகற்றிய 1,418 பேரைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு 1993-ல் வெளியானது. எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 சதவிகிதம் குறைவாகவே அவர்களுக்குப் புற்றுநோய் வந்திருந்தது. அமெரிக்காவில் குடும்ப வரலாறு இல்லாதவர்களும் 45 வயதிலிருந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று 2021-ல் பரிந்துரைத்தார்கள். அதற்கு முன்பு அது 50-ஆக இருந்தது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனையும் இருக்கிறது.

எஃப்.ஏ.பி குடும்பங்களுக்கு இந்தக் கண்டுபிடிப்பு கொடுத்தது இன்னும் பெரிது. முன்பு அந்த வீட்டில் பிறந்த எல்லாப் பிள்ளைகளும் பயத்தோடு வளர்ந்தார்கள். இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை போதும். குடும்பத்தில் ஓடும் பழுது எது என்று தெரிந்திருந்து, பிள்ளைக்கு அது இல்லையென்றால், மற்ற எவரையும்போல அந்தப் பிள்ளை நிம்மதியாக வாழலாம். ஆண்டுதோறும் குடலைச் சோதிக்க வேண்டியதில்லை. இருந்தால் 10, 12 வயதிலிருந்து கண்காணிப்பு தொடங்குகிறது. பாலிப்புகள் பெருகும்போது, பெரும்பாலும் 20 வயதை ஒட்டி, பெருங்குடலை அறுவை சிகிச்சையால் அகற்றுகிறார்கள். கேட்கக் கடினமான முடிவுதான். ஆனால் 40-ல் முடிந்திருக்கக்கூடிய வாழ்க்கை அதனால் நீள்கிறது. அதற்குப் பிறகும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. எஃப்.ஏ.பி உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இருந்திருக்காது. பழுது அவரிடமே புதிதாகத் தொடங்கியிருக்கும். ‘எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே’ என்பது பாதுகாப்புக் கவசம் ஆகாது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

- மலத்தில் ரத்தம். ‘மூலமாகத்தான் இருக்கும்’ என்று வீட்டிலேயே முடிவு செய்யக்கூடாது. மூலமா, வேறா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.
- சில வாரங்களாகத் தொடரும் மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு. வழக்கமான பழக்கத்தில் மாற்றம்.
- காரணம் தெரியாத ரத்தசோகை, எடை குறைவு, தீராத சோர்வு.
- பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோயோ பாலிப்போ இருந்தால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், எந்த வயதில் பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது.

உலகில் 2022-ம் ஆண்டில் மட்டும் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். பலருடைய குடலில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு செல் கிளம்ப மறுத்து நின்றிருக்கும். வலி இல்லை, சத்தம் இல்லை.

யூட்டாவில் அந்த மாணவர் வகுப்பில் வாயைத் திறந்து சொன்னதால்தான் கார்ட்னருக்கு ஒரு குடும்பத்தின் கதை தெரிந்தது. நம் வீடுகளில் ‘தாத்தாவுக்கு வயித்துல ஏதோ கட்டி’ என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அது எந்த உறுப்பில், எந்த வயதில் என்று பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் போதும். அடுத்த முறை டாக்டர் குடும்ப வரலாறு கேட்கும்போது, பதில் தயாராக இருக்கும்.